பூஜ்யம் எண்ணில் இருந்த குரல்

மைக்கக்காவைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டு வந்தவர்கள், அவரைப் புனிதவதியாக்கிச் சுவரில் மாட்டப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அவர் தேநீரைப் பக்கத்து அறைக்குக் கேட்கும்படி உறிஞ்சிக் குடிப்பார். அவரிடம் போன குடை திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது. பொழுது விடிந்தால் "தம்பி, உங்களுக்காக ஜெபம் பண்ணினேன்" என்று சொல்லி என் உயிரை எடுப்பார். இருபத்திரண்டு வருடம் அவருக்குப் பக்கத்து அறையில் வேலை பார்த்தவன் நான். அவருக்கு நான் செய்ததையும் நானேதான் எழுத வேண்டும்.

எங்கள் ரயில் நிலையத்தில் அவர் அறிவிப்பாளர். நான் ஒலிபெருக்கி மெக்கானிக். எனக்கு ஒயர் என்று பெயர் வைத்திருந்தார்கள். என் கல்யாணப் பத்திரிகையைத் தவிர வேறெங்கும் என் நிஜப் பெயரைப் பார்த்த ஞாபகம் இல்லை. டிக்கெட் கவுண்டர்களுக்கு மேலே, மாடியில், ஒட்டுப்பலகைத் தடுப்பு போட்டு ஓர் அறையை இரண்டாக்கியிருந்தார்கள். அந்தப் பக்கம் மைக்கும் அவரும். இந்தப் பக்கம் பெட்டிகளும் நானும். பலகை அவ்வளவு மெல்லியது. அவர் பேசுவதற்கு முன் இழுக்கும் மூச்சுகூட எனக்குக் கேட்கும். அந்த மூச்சு கேட்டால் நான் விசையைத் தட்டுவேன். வெளியே பத்தொன்பது ஒலிபெருக்கிகளில் அவர் குரல் எழும்.

தினமும் காலையில் முதல் வேலை மைக் சோதனை. தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து நான் கேட்பேன்: "அக்கா, இருக்கீங்களா?"

அவர் மைக்கில் பதில் சொல்வார், அறிவிப்புக் குரலில், எழுத்துச் சுத்தமாக: "நான் இருக்கிறேன்."

பிறகுதான் ஊரின் முதல் வண்டியே புறப்படும். இப்படி இருபத்திரண்டு வருடம்.

அவர் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒரு தவறு நடந்தது. தாளில் இரண்டாம் நடைமேடை என்று எழுதியிருந்தது. வாய் மூன்று என்று சொல்லிவிட்டது. இரண்டில் காத்திருந்த ஒரு பிளம்பர், கையில் கருவிப் பையோடு, மூன்றுக்குப் போகத் தண்டவாளத்தில் குதித்தார். வந்த வண்டி ஏறி இடது பாதம் போயிற்று. தண்டவாளத்தைக் கடந்தது அவர் குற்றம் என்று மேலிடம் கோப்பை மூடிவிட்டது. மைக்கக்காவால் மூட முடியவில்லை. இரண்டு மாதம் தூங்கவில்லை. கண்ணுக்குக் கீழே கரி பூசினாற்போல் ஆகிவிட்டது. வேலையை விட்டுவிடுவார் என்றே நினைத்தேன்.

ஒருநாள் மதியம் படிக்கட்டில் 'டக்' 'டக்' என்று சத்தம். மரப்பாதம் கட்டிக்கொண்டு பிளம்பர் மேலே ஏறி வந்தார். அடிக்கப் போகிறார் என்று பயந்து நான் எழுந்து நின்றேன். அவர் மைக்கக்காவின் எதிரில் நின்று மூச்சு வாங்கினார்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்லம்மா. அதச் சொல்லத்தான் ஏறி வந்தேன். போய்த் தூங்குங்க."

அவ்வளவுதான் சொன்னார். இறங்கிப் போகும்போது கைப்பிடி ஆடுவதைப் பார்த்து அதையும் முடுக்கிவிட்டுப் போனார். மைக்கக்கா மேஜைமேல் தலையை வைத்து, மாலை வண்டி வரும்வரை தூங்கினார். அந்த மதிய அறிவிப்புகளையெல்லாம் என் தகரக் குரலில் நான்தான் வாசித்தேன். பயணிகள் சிரித்தார்கள்.

அந்த பிளம்பர் ஒரு சின்ன ஜெபக் கூட்டத்தின் போதகர். மைக்கக்கா அங்கே போக ஆரம்பித்தது அப்படித்தான். யாரும் வலை வீசிப் பிடிக்கவில்லை. பின்னால் கோப்புகளில் அப்படி எழுதினார்கள், அது பொய். தன்னால் கால் போன மனிதன் தன்னை எப்படி மன்னித்தான் என்று விசாரிக்கப் போனார். பதிலாக இயேசுவைப் பற்றிச் சொன்னார்கள். அதைப் பிடித்துக்கொண்டார். என்னையும் அதில் சேர்க்க அன்றிலிருந்து முயற்சி. நான் காதில் பஞ்சை வைத்துக்கொள்வேன், நிஜமான பஞ்சு.

எட்டு வருடங்களுக்கு முன் அறிவிப்பு இயந்திரம் வந்தது. இனி யாரும் உட்கார்ந்து வாசிக்க வேண்டாம், சொற்களைத் தனித்தனியாகப் பதிந்து வைத்தால் அதுவே கோத்துச் சொல்லும் என்றார்கள். மைக்கக்காவின் கணவர் லாண்டரி வைத்திருந்தார். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் துவைப்பது அவர் தொழில். எதிரொலி வராமலிருக்க அந்த வெள்ளை விரிப்புகளை அறை முழுக்கத் தொங்கவிட்டு, மூன்று வாரம் உட்கார்ந்து பதிந்தோம். ஆயிரத்து நூற்று நாற்பது துண்டுகள். ஊர்ப் பெயர்கள், எண்கள், 'தாமதமாக', 'இல்லை', 'வேண்டாம்', 'கூட்டத்தில் காணாமல் போன குழந்தை'. ஒவ்வொன்றையும் வெட்டி நான் எண் கொடுத்தேன்.

கடைசியில் பூஜ்யம் எண் மிஞ்சியது. அது சோதனைக்கான இடம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: ஏதாவது ஒரு துண்டு காணாமல் போனால், அந்த இடத்தில் இயந்திரம் பூஜ்யத்தில் இருப்பதைச் சொல்லும். ஓட்டை விழுந்திருக்கிறது என்று மெக்கானிக்குத் தெரிவதற்காக.

"இதுல என்ன சொல்லட்டும்?" என்று மைக்கக்கா கேட்டார்.

"எதையாவது சொல்லுங்கக்கா. டீ ஆறுது."

"சரி, கேளுங்க."

"அக்கா, இருக்கீங்களா?"

"நான் இருக்கிறேன்."

பூஜ்யத்தில் அது போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகும் மைக்கக்காவை வேலையில் வைத்திருந்தார்கள். நேரம் மாறினால், வண்டி நின்றுபோனால் இயந்திரத்துக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் வேண்டுமே.

மூன்று வருடங்களுக்கு முன் சுவர்களில் அந்த உத்தரவை ஒட்டினார்கள். வீடுகளில் வழிபாட்டுக் கூட்டம் கூடக் கூடாது. முதலில் எச்சரிக்கை, பிறகு ஜன்னலில் கல், பிறகு ஒவ்வொருவராகக் காணாமல் போனார்கள். சிலர் பத்து நாளில் திரும்பினார்கள், எதுவும் பேசாமல். பிளம்பர் போதகரைக் கருவிப் பையோடு கூட்டிப் போனார்கள். அவர் திரும்பவில்லை.

மிஞ்சியவர்கள் லாண்டரி மாடியில், விரிப்புகள் உலரும் கூடத்தில், ஞாயிறு மதியம் கூடினார்கள். கீழே துவைக்கும் இயந்திரம் ஓடும். அந்தச் சத்தத்தில் மேலே பேசுவது தெருவுக்குக் கேட்காது. அந்த வாரம் யார் போனார்கள் என்று தெரிந்துகொள்ள, ஆரம்பத்திலேயே ஆள் கூப்பிட்டுப் பார்ப்பார்கள். பெயர் சொல்வதில்லை, தொழில்தான். நர்ஸம்மா ஒருவர் கூப்பிடுவார். இருப்பவர் "இருக்கேன்" என்பார். இல்லாதவரின் முறை வந்தால் ஒரு மூச்சு நேரம் எல்லோரும் சும்மா இருப்பார்கள். பிறகு அடுத்தவர். இதையெல்லாம் மைக்கக்காவே தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து சொல்லியிருக்கிறார்.

"நான் மட்டும் 'நான் இருக்கிறேன்'னு முழுசாச் சொல்லிடறேன் தம்பி. பழக்கதோஷம். எல்லாரும் சிரிக்கறாங்க. அடுத்த வண்டி எப்பன்னு கேக்கறாங்க."

போதகர் போன பிறகு அந்தக் கூட்டம் சிதறாமல் இருந்ததற்கு அவர்தான் காரணம். மேலிடத்துக்கும் அது தெரிந்திருந்தது.

கோப்புக்காரர் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. நீலக் கோப்பு, சத்தமே எழாத செருப்பு, வாயில் எப்போதும் பெப்பர்மிண்ட். கோபப்படவே மாட்டார். அவர் அந்தப் பக்க அறைக்குப் போனால், தடுப்பின் வழியாகப் பெப்பர்மிண்ட் வாசனை முதலில் வரும், பேச்சு பிறகுதான் வரும்.

"ரெண்டே வரிம்மா. இந்த ஊர் முழுக்க உங்க குரலத்தான் நம்புது. அந்தக் கூட்டத்துல நான் இல்ல, யாரும் போகாதீங்கன்னு மைக்ல சொல்லிடுங்க. அதோட விட்டுடறோம்."

மைக்கக்கா தேநீரை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சார், இருபத்திரண்டு வருஷமா எழுதிக் குடுக்கறதத்தான் வாசிக்கறேன். ஆனா வண்டி லேட்டுன்னா லேட்டுன்னுதான் சொல்லிருக்கேன். ஒரே ஒரு தடவ தப்பாச் சொன்னேன். ஒருத்தருக்குக் கால் போச்சு. இனிமே வேணாம் சார்."

"யோசிங்க."

"யோசிச்சாச்சு சார். டீ குடிக்கறீங்களா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நிமிடம் பெப்பர்மிண்ட் வாசனை என் அறைக்குள் இருந்தது. கதவு திறந்த சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை.

அவர் பெட்டிகளைச் சுற்றிப் பார்த்தார். "இவங்க பேசின எல்லாச் சொல்லும் இதுலதான் இருக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அவங்க வந்து பேசணும்னு அவசியமில்ல, இல்லயா?" என்றார். "உங்க வீட்டம்மா மருத்துவமனைல மருந்துக் கவுண்டர்ல இருக்காங்க. நல்ல வேல. ரெண்டு வருஷத்துல பென்ஷன்" என்று சொல்லி எனக்கும் ஒரு பெப்பர்மிண்ட் கொடுத்தார். வாயில் போட்டுக்கொண்டேன். அதை ஏன் வாங்கினேன் என்று இன்றுவரை என்னைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

வேலை அரை மணி நேரம்கூட ஆகவில்லை. 'அந்த' ஒரு வண்டியிலிருந்து. 'கூட்டத்தில்' காணாமல் போன குழந்தையிலிருந்து. 'இல்லை' ரத்தான ரயிலிலிருந்து. 'யாரும் அங்கே செல்ல வேண்டாம்' தண்டவாள எச்சரிக்கையிலிருந்து முழுசாகக் கிடைத்தது. ஒரு சொல்தான் அகப்படவில்லை. அறிவிப்பாளர் தன்னைப் பற்றிப் பேசுவதே இல்லையே. ஆயிரத்து நூற்று நாற்பது துண்டுகளில் எங்கேயும் 'நான்' கிடையாது.

பூஜ்யத்தில் இருந்தது.

அதை வெட்டி எடுத்தேன். மிச்சத்தை அதே பூஜ்யத்தில் போட்டு மூடினேன். அதனால் பின்னால் என்ன ஆகும் என்று அவசரத்தில் தோன்றவில்லை. எல்லாவற்றையும் கோத்து ஓட்டிப் பார்த்தபோது ஒட்டே தெரியவில்லை. "நான் அந்தக் கூட்டத்தில் இல்லை. யாரும் அங்கே செல்ல வேண்டாம்." நன்றாக வந்திருக்கிறது என்று நினைத்தேன். நினைத்ததை மறைக்க மாட்டேன், எனக்குப் பெருமையாகவே இருந்தது. அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, நெரிசல் நேரத்தில், அதைப் போடச் சொன்னார்கள். மைக்கக்கா வேலை முடிந்து முதலாம் நடைமேடையில் நடந்துகொண்டிருந்தார். நான் கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது ஒலிபெருக்கிகளும் அவர் குரலில் பேசின. அவர் வாய் மூடியிருந்தது. அவரைத் தெரிந்தவர்கள் நின்றார்கள். ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், அவர் வாயைப் பார்த்தார்கள். ஒரு பெண் தன் குழந்தையை இழுத்து மறுபக்கம் நிறுத்திக்கொண்டாள். மைக்கக்கா கையை எடுத்துத் தன் தொண்டையில் வைத்துப் பார்த்தார், உள்ளே ஏதாவது அசைகிறதா என்பதுபோல. இரண்டாம் முறை ஒலித்தபோது அவர் ஒலிபெருக்கியைப் பார்க்கவில்லை. நேராக மேலே, என் ஜன்னலைப் பார்த்தார்.

படியேறி வந்தார். கதவருகே நின்றார்.

"அந்த 'நான்' நீங்க கேட்டதுக்கு நான் சொன்ன பதில்தானே தம்பி?"

திருகு ஒன்றைத் தேடுவதுபோல் மேஜையைத் துழாவினேன்.

"எனக்கு ரொம்பக் கோவமா இருக்கு. உங்கள மன்னிக்கணும்னு தெரியும். ஆனா இப்ப முடியல. ரெண்டு நாள் டைம் குடுங்க."

என்னை அறைந்திருந்தால் தேவலை.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு அவர் முதலாம் நடைமேடையில், ஒலிபெருக்கிக்கு நேர் கீழே, ஒரு பெஞ்சின் மேல் ஏறி நின்றார். கணவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். மேலே குரல் 'நான் அந்தக் கூட்டத்தில் இல்லை' என்றது. கீழே அதே குரல், மைக் இல்லாமல், "அது என் குரல், என் பேச்சு இல்ல! நான் அங்கதான் இருக்கேன்!" என்றது. ஒலியைக் கூட்டு என்று எனக்குக் கட்டளை வந்தது. கூட்டினேன். அவரும் கூட்டினார். பத்தொன்பது மைக்கக்காக்கள் ஒரு பக்கம், ஒரு மைக்கக்கா இன்னொரு பக்கம். ஒரு மணி நேரம். கடைசியில் அவர் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. தொண்டை கிழிந்துவிட்டது. இரண்டு பெண் காவலர்கள் வந்து கையைப் பிடித்து இறக்கினார்கள். கணவர் பின்னாலேயே ஓடினார். பெஞ்சின் மேல் அவருடைய செருப்பு மட்டும் இருந்தது.

அவர் குரலையே அழித்துவிடச் சொன்னார்கள். வேறு ஊரிலிருந்து ஒரு பெண்ணின் குரலைப் பதிந்து அனுப்பினார்கள். பட்டியலில் இருந்த ஆயிரத்து நூற்று நாற்பதையும் அழித்தேன். பூஜ்யம் பட்டியலில் இல்லை. புதுக் குரலில் தொள்ளாயிரம் துண்டுகள்தான் இருந்தன என்பதையும் நான் எண்ணிப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை நான் வந்தேன். பக்கத்து அறை காலி. வாய் பழக்கத்தில் கேட்டுவிட்டது:

"அக்கா, இருக்கீங்களா?"

வெளியே முதல் வண்டிக்கான அறிவிப்பு அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. பத்தொன்பது ஒலிபெருக்கிகளிலும் மைக்கக்கா சொன்னார்: "இருக்கிறேன்."

நான் நாற்காலியோடு பின்னால் சாய்ந்துவிட்டேன்.

காரணம் பிறகு புரிந்தது. புதுப் பெண் சொல்லாத ஒவ்வொரு சொல்லின் இடத்திலும் இயந்திரம் பூஜ்யத்தைச் சொன்னது. பூஜ்யத்தில் நான் வெட்டிப் போட்ட மிச்சம் இருந்தது. காரணம் புரிந்ததால் பயம் போய்விடவில்லை. "இரண்டாம் நடைமேடைக்கு வரும் வண்டி, இருக்கிறேன், நிமிடம் தாமதம்." "காணாமல் போன குழந்தை, இருக்கிறேன், உடனே வரவும்." ஒவ்வொரு முறையும் நடைமேடை அப்படியே நிற்கும். தேநீர் ஊற்றுகிறவன் ஊற்றுவதை நிறுத்துவான். யாரும் சிரிக்கவில்லை.

கோப்புக்காரர் வந்தார். "எடுங்க" என்றார். எடுத்தேன். பூஜ்யத்தில் வெறும் மௌனத்தைப் பதிந்து வைத்தேன். அவர் என் பக்கத்திலேயே, ஜன்னலருகே நின்றார். அடுத்த அறிவிப்பு வந்தது. "இரண்டாம் நடைமேடைக்கு வரும் வண்டி..." பிறகு ஓட்டை. ஒரு மூச்சு நேர மௌனம்.

அந்த மௌனத்தில் கீழேயிருந்து அந்தச் சொல் வந்தது.

ஒலிபெருக்கியில் இல்லை. மைக் விசையை நானே பிடித்திருந்தேன், அதன் விளக்கு அணைந்திருந்தது. முந்நூறு பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் வாயும் அசையவில்லை. தரைக்கு அடியிலிருந்து வருவதுபோல, தாழ்வாக, ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரலில் வந்தது. அடுத்த ஓட்டையிலும் வந்தது. கோப்புக்காரர் நடைமேடைக்கு இறங்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நடந்தார். அவர் முன்னால் எல்லோரும் வண்டி வரும் திசையைப் பார்த்தார்கள். அவர் முதுகுக்குப் பின்னால் அந்தச் சொல் வந்தது. திரும்பினார். மறுபடி முதுகுக்குப் பின்னால். அவர் மேலே திரும்பி வந்தபோது, அன்றுதான் முதன்முறையாக அவர் பெப்பர்மிண்ட்டைக் கடிக்கும் சத்தம் கேட்டேன். அது யார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. லாண்டரி மாடிக்காரர்கள் எல்லோரையும் எண்ணினாலும் பதினான்கு பேர்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நான் லாண்டரிக்குப் போனேன். கீழே துவைக்கும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. மேலே, ஈர விரிப்புகள் வரிசை வரிசையாகத் தொங்கின. ஆட்கள் அவற்றுக்கு நடுவே நின்றிருந்தார்கள். முகம் தெரியவில்லை, பாதங்கள் மட்டும் தெரிந்தன. நர்ஸம்மா கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"லாண்டரி."

"இருக்கேன்."

"பிளம்பர்."

ஒரு மூச்சு.

"மைக்."

ஒரு மூச்சு. கீழே இயந்திரமும் அந்த நேரம் பார்த்து நின்றது. துணியிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது.

நான் பொறுக்க முடியாமல் விரிப்பை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன். "அத வெட்டி ஒட்டினது நான்தாங்க" என்றேன்.

"தெரியும்" என்றார் நர்ஸம்மா. "அந்த 'நான்' நாங்க வாராவாரம் கேட்டுப் பழகினது. மூணு குடும்பம் நம்பிட்டாங்க, வர்றதில்ல. மத்தவங்க வர்றோம்."

மைக்கக்காவின் கணவர் விரிப்பை மடித்துக்கொண்டே பேசினார். "வியாழக்கிழம மன்றத்துல விசாரண. அந்தப் பதிவு உண்மைன்னு ஆச்சுன்னா, அவ ஜனங்களப் பொய் சொல்லிக் கிளப்பிவிட்டான்னு ஆகும். அஞ்சு வருஷம் உள்ள. பொய்யின்னா அன்னைக்கே விட்டுடணும். உங்களத்தான் சாட்சிக்குக் கூப்பிட்டிருக்காங்க, இல்லயா?"

"ஆமாண்ணே."

"சாப்டீங்களா?" என்று கேட்டார். இந்த ஜனங்களை என்ன செய்வது?

கோப்புக்காரர் என்னிடம் முன்பே ஒரு தாள் கொடுத்திருந்தார். 'மேற்படிப் பதிவு அறிவிப்பாளரால் நேரில் பேசப்பட்டது' என்று இருந்தது. என் கையெழுத்துக்காகக் கீழே கோடு போட்டிருந்தார்கள். வீட்டில் அதைக் காட்டினேன். என் மனைவி வாசித்துவிட்டு, "என் பென்ஷனுக்காக நீங்க கையெழுத்துப் போட்டா, அந்தப் பென்ஷன்ல நான் என்னத்த வாங்கித் தின்பேன்?" என்றாள். பிறகு உட்கார்ந்து அழுதாள். அவளுக்கும் பயம்தான்.

மன்றம் காலை பதினொரு மணிக்குக் கூடியது. உயரமான கூரை, மரப் பெஞ்சுகள், ஊரே வந்திருந்தது. ஆனால் இருமல்கூட இல்லை. மேஜையில் என் இயந்திரத்தின் சின்னப் பெட்டியை வைத்திருந்தார்கள். நான் சாட்சிப் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன், சட்டைப் பையில் அந்தத் தாள்.

மைக்கக்காவைக் கூட்டி வந்தார்கள். கன்னம் ஒட்டியிருந்தது. யாருடையதோ பெரிய செருப்பு காலில் இருந்தது. என்னைத் தாண்டும்போது தடுமாறினார். பெஞ்சைப் பிடித்து நின்றார். அவர் முகம் என் காதருகே வந்தது. தொண்டையில் வெறும் காற்றுதான் இருந்தது. அந்தக் காற்றில் பேசினார்.

"ரெண்டு நாள்னு சொன்னேன். பதினஞ்சு நாள் ஆயிடுச்சு தம்பி. நேத்துதான் முடிஞ்சுது. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. போய்த் தூங்குங்க."

நான் என்ன சொல்லப்போகிறேன் என்று அவருக்குத் தெரியாது. என் பையில் இருந்த தாளும் தெரியாது. பதிவு உண்மை என்று நான் சொன்னால் ஐந்து வருடம் என்பது மட்டும் தெரியும். காவலர் அவரை இழுத்துக்கொண்டு போனார்.

மன்றத் தலைவர் மைக்கக்காவைக் கேட்டார், "இது உங்க குரல்தானா?" அவர் வாய் அசைந்தது. சத்தம் எழவில்லை. "சத்தமா சொல்லுங்க" என்றார். மறுபடி அசைந்தது. கோப்புக்காரர் எழுந்து பெட்டியின் பொத்தானை அழுத்தினார். உயர்ந்த கூரைக்குள் அந்த அழகான, சுத்தமான குரல் எழுந்தது. "நான் அந்தக் கூட்டத்தில் இல்லை." நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குக் குரல் இல்லை, பெட்டிக்கு இருந்தது. கூட்டம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தது. மைக்கக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இந்தப் பதிவுல பேசறது யாரு?" என்று தலைவர் என்னைக் கேட்டார்.

எழுந்தேன். தாளைப் பையிலிருந்து எடுத்து, விரிக்காமல் மேஜையில் வைத்தேன்.

"நான்."

"என்னது?"

"குரல் அவங்களோடது. பேசினது நான். வெட்டினதும் ஒட்டினதும் நான். ரயில் அறிவிப்புலருந்து எடுத்தேன். எந்தச் சொல்ல எங்கேருந்து எடுத்தேன்னு இப்பவே காட்டறேன்."

கோப்புக்காரர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியைத் திறந்து, அந்தப் பதிவை ஒட்டுப் பிரித்து ஒவ்வொரு துண்டாகப் போட்டுக் காட்டினேன். அங்கே குழந்தை, இங்கே ரத்தான வண்டி, கடைசியில் 'நான்'. அது எங்கிருந்து வந்தது என்று தலைவர் கேட்டார். "தினமும் காலைல நான் அவங்கள ஒரு கேள்வி கேப்பேன். அதுக்கு அவங்க சொன்ன பதில்" என்றேன். அதற்குமேல் பேச முடியாமல் அழுதுவிட்டேன். இவ்வளவு பேர் முன்னால் அழுதது அதுதான் முதல் தடவை.

மைக்கக்காவை அன்று மாலையே விட்டார்கள். குரல் திரும்பவில்லை. லாண்டரியில் விரிப்பு மடிக்கிறார். ஆள் கூப்பிடும்போது இரண்டு முறை கை தட்டுகிறாராம். என்னைப் பொய்ப் பதிவு செய்த குற்றத்துக்காக உள்ளே போட்டார்கள். அதைச் செய்யச் சொன்னவரின் பெயர் எந்தத் தாளிலும் இல்லை. என் மனைவியை மருந்துக் கவுண்டரிலிருந்து நிறுத்திவிட்டார்கள். இப்போது லாண்டரியில் கணக்கு எழுதுகிறாள்.

உள்ளே போன முதல் நாள், சிமெண்டுத் தரையில், பட்டப்பகலில், செருப்பைத் தலைக்கு வைத்து மாலைவரை தூங்கினேன். மறுநாள் காலை வராந்தாவில் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணினார்கள். என் பெயரை, அந்தக் கல்யாணப் பத்திரிகைப் பெயரை, காவலர் சத்தமாகக் கூப்பிட்டார்.

"நான் இருக்கிறேன்" என்றேன்.

இரண்டு வரிசை பின்னால் ஒரு மரப்பாதம் தரையில் 'டக்' என்று தட்டியது.